ஜி.எஸ்.டி சாலையோரப் பள்ளி: வண்டிப் புகைக்கு எந்த மரம் வைக்கலாம்?

கூடுவாஞ்சேரிவாசி:
வணக்கம். பையன் படிக்கிற பள்ளி, சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜி.எஸ்.டி நெடுஞ்சாலைக்கு மேற்குப் பக்கம், வண்டலூரைத் தாண்டி. மைதானம் சாலையை ஒட்டியே இருக்கிறது, நடுவில் ஆறடி காம்பவுண்டு சுவர் மட்டும்தான். சுவருக்கு உள்பக்கம் பதினைந்தடி அகலத்துக்குச் சும்மா கிடக்கிற இடம், உடைந்த பெஞ்சுகளும் முள்செடியும். மூன்று மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரப் போய் நின்றால் தொண்டை கமறுகிறது, சுவர் மேல் விரலை இழுத்தால் கரியாக ஒட்டுகிறது. பெற்றோர் கூட்டத்தில் மரம் வைக்கலாம் என்று முடிவாகிப் பணமும் கொஞ்சம் சேர்ந்துவிட்டது. ஒருவர் வேம்பு என்கிறார், ஒருவர் மூங்கில், இன்னொருவர் கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரம் வைத்தால் இரண்டே வருடத்தில் மறைத்துவிடும் என்கிறார், தலைமையாசிரியைக்குப் பெருங்கொன்றைதான் வேண்டுமாம், பூத்தால் அழகாக இருக்கும் என்று. அழகு கிடக்கட்டும், புகை குறைய எது உதவும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாற்றங்கால்:
சார், கோனோகார்பஸ் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். குஜராத்தில் 2023-லேயே தடை செய்துவிட்டார்கள், பிறகு நம் மாநிலத்திலும். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று மகரந்தத்தால் வருகிற இருமலும் ஒவ்வாமையும். இருமலுக்கு வைத்தியம் பார்க்கப் போய் இருமலையே நட்ட கதை ஆகிவிடும். பெருங்கொன்றையும் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் சாய்ந்து கிடந்தவற்றில் அதுவும் மயில்கொன்றையும் ஏராளம், அதுவும் பிள்ளைகள் ஓடியாடும் இடம்.

வேம்பு நல்ல மரம்தான், ஆனால் நாம் அதை வளர்க்கிற விதம் நிழலுக்கானது. கீழ்க்கிளையைக் கழித்துக் கழித்து மேலே குடை பிடிக்க விடுவோம். உங்கள் இடத்தில் அப்படி விட்டால் என்ன ஆகும் பாருங்கள்: சுவர் ஆறடியில் முடிகிறது, இலை பன்னிரண்டடியில் தொடங்குகிறது, நடுவில் இருக்கிற ஆறடியும் திறந்த ஜன்னல். புகை சுவரில் ஏறி அந்த வழியாகத்தான் மைதானத்துக்குள் இறங்கும். மூங்கிலும் வயதானால் அடியில் வெறும் கழியாக நிற்கும், சருகு வேறு கொட்டிக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து உச்சி வரை இலை இருக்கிற, வருடம் முழுக்க உதிராத செடியாகப் பாருங்கள்.

காற்றுமானி:
மேலே சொன்னது சரி, ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். மரம் புகையைக் "குடித்துவிடும்" என்று நினைத்துச் செலவு செய்யாதீர்கள். இலையில் தூசு படிவது உண்மை, சொரசொரப்பான, ரோமம் உள்ள இலையில் கூடுதலாகவே படியும். ஆனால் படிந்தது மழையில் கழுவப்படும் வரை அங்கேயே இருக்கும், காற்றடித்தால் ஒரு பங்கு மறுபடி கிளம்பும். பிரிட்டன் அரசின் காற்றுத்தர நிபுணர் குழு 2018-இல் இதை அலசிவிட்டு, ஊர் முழுக்க மரம் நட்டாலும் காற்றிலிருந்து நீங்குவது சொற்பம்தான், வண்டிப் புகையில் வருகிற நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு விஷயத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்கிற மாதிரிதான் சொன்னது. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அடர்த்தியான பசுந்தடுப்பு, புகையை மேலே தூக்கிவிட்டு நல்ல காற்றோடு கலக்கவைக்கிறது, அதனால் தடுப்பின் மறுபக்கம் நிற்கிறவர் மூக்குக்கு வருவது குறைகிறது. சுவர் செய்கிற வேலைதான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உயரம் 5 மீட்டராவது, அகலம் முடிந்தால் 10 மீட்டர், நடுவில் இடைவெளி கூடாது, காக்க வேண்டிய இடத்தின் இரண்டு முனையையும் தாண்டி நீள வேண்டும். ஓட்டையும் சந்துமாக இருந்தால் பின்பக்கம் புகை கூடவும் வாய்ப்புண்டு என்று எச்சரிக்கிறது. உங்களிடம் இருப்பது பதினைந்தடி, அதாவது 10 மீட்டரில் பாதிகூட இல்லை. ஆனால் சுவர் இருக்கிறதே, அது பெரிய பலம். சுவரும் செடியும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நன்றாக வேலை செய்யும். முடிந்தால் சுவரை இன்னும் நாலடி தூக்குங்கள், கம்பி கேட்டுக்குத் தகடு அடியுங்கள். நீங்கள் எவ்வளவு நட்டாலும் அந்த கேட் திறந்த வாய்தான்.

இன்னொன்று, நீங்கள் இருப்பது சாலைக்கு மேற்கே. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும், அதாவது சரியாகப் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் சாலைப் புகை முழுக்க உங்கள் பக்கம். அந்த நேரத்துக்கு விளையாட்டு வகுப்பு வைக்காதீர்கள், இல்லையென்றால் கட்டடத்துக்குப் பின்பக்கம் கொண்டுபோங்கள். தூரத்தைவிடப் பெரிய வடிகட்டி கிடையாது. கலிஃபோர்னியாவில் பெரிய நெடுஞ்சாலையிலிருந்து 500 அடிக்குள் புதுப் பள்ளி கட்ட 2003-லேயே சட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்தார்கள், நாம் நெடுஞ்சாலை ஓரம்தான் "நல்ல லொக்கேஷன்" என்று அட்மிஷன் போடுகிறோம்.

பிரியா_கோவை:
எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் இந்த மாதிரி வேலி போட்டோம், அதனால் சில விஷயம். அரளி வேண்டவே வேண்டாம். நெடுஞ்சாலை நடுவில் அதை வைப்பது மாடு கடிக்காது, தண்ணீர் இல்லாமல் தாங்கும், எதிர்வண்டி விளக்கு கண்ணைக் கூசாது என்பதற்காக. இலை, பூ, வேர் எல்லாமே விஷம், எல்.கே.ஜி பிள்ளைகள் கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். அடுத்து, வேலி வந்தால் பாம்பு வரும் என்று ஒரு கோஷ்டி கட்டாயம் கிளம்பும். அடியில் குப்பை சேரவிடாமல் வாரம் ஒருமுறை கூட்டுவோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எங்களுக்கு ஒப்புதலே கிடைத்தது. மே மாத விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். பாதிச் செடி அந்த ஒரு மாதத்தில்தான் காயும்.

அப்புறம் பள்ளி பேருந்துகள்! அரை மணி நேரம் ஏ.சிக்காக எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு சுவருக்கு உள்ளேயே நிற்கின்றன. அந்தப் புகைக்கு எந்த வேலியும் குறுக்கே நிற்காது, அண்ணா. முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், அதற்குக் காசும் ஆகாது.

கூடுவாஞ்சேரிவாசி:
எல்லோருக்கும் நன்றி. பேருந்து விஷயம் எங்கள் பள்ளியிலும் அப்படியேதான், நாலு வண்டி மைதானத்து ஓரம் உறுமிக்கொண்டே நிற்கும், யாருக்கும் உறைக்கவில்லை. நாற்றங்கால் சார், அப்படியென்றால் பதினைந்தடியில் எதை எப்படி நடுவது? பணம் அதிகமில்லை. பூவரசு ஏற்கெனவே இரண்டு நிற்கிறது, அதை வெட்ட மனமில்லை.

நாற்றங்கால்:
பூவரசு இருக்கட்டும், அதைச் சுற்றியே நடுங்கள். சுவரிலிருந்து மூன்றடி விட்டு நெட்டிலிங்கம் ஒரு வரிசை, நர்சரியில் அசோகா என்று கேட்டால்தான் புரியும். ஐந்தடிக்கு ஒன்று, கீழ்க்கிளையில் கத்தி படவே கூடாது. அடி முதல் நுனி வரை இலை தொங்கும், அகலமும் அடைக்காது. அதற்கு உள்பக்கம் நொச்சி, இரண்டடிக்கு ஒன்று, நெட்டிலிங்கத்தின் இடைவெளிக்கு நேராக வருகிற மாதிரி. நொச்சி இலையைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளை பூத்த மாதிரி சின்ன ரோமம் இருக்கும், காற்றுமானி சொன்ன தூசு பிடிக்கிற ரகம் அது. ஆடு கடிக்காது. காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம், யார் வீட்டு வேலியிலாவது போத்து ஒடித்து ஊன்றினாலே வந்துவிடும். மீதி இடத்தில் ஆடாதொடை, செம்பருத்தி, எது கிடைக்கிறதோ அது. வெறும் மண் மட்டும் தெரியக்கூடாது, அந்தப் புழுதியும் பிள்ளைகள் மூச்சில்தான் போகும்.

செப்டம்பரில் குழி எடுத்து நட்டுவிட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். நெட்டிலிங்கம் மட்டும் ஐந்தடிக்குக் குறையாத கன்றாக வாங்குங்கள், சின்ன கன்று சுவரைத் தாண்டவே இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும். உங்கள் பையன் அதற்குள் எத்தனாவது போய்விடுவான்?