பல் கிளீன் பண்ணா ஆடுமா? சேலத்துக்காரங்க அனுபவம் சொல்லுங்க

செவ்வாய்ப்பேட்டை: எங்க அம்மாவுக்குச் சர்க்கரை. பல் தேய்ச்சா ஈறுல ரத்தம். "கிளீன் பண்ணா இருக்கற பல்லும் ஆடிரும், பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு"ன்னு ஒரே பிடிவாதம். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனோம். உட்கார்ந்ததும் அம்மா கேட்டது இதைத்தான். அவங்க கண்ணாடியைக் கையில கொடுத்து, கீழ் முன்பல்லுக்குப் பின்னாடி படிஞ்சிருந்த காறையைக் காட்டினாங்க. "எலும்பு கரைஞ்சு பல் ஏற்கெனவே ஆட்டம் கண்டாச்சுங்கம்மா. இந்தக் காறைதான் பக்கத்துப் பல்லோட சேர்த்துப் பிடிச்சு வெச்சிருக்கு. எடுத்தா ஆட்டம் தெரியும். எடுக்காம விட்டா எலும்பு இன்னும் கரையும்." பெரியம்மா கதைக்கும் அங்கேயே பதில் கிடைச்சது. மூணு மாசச் சராசரிச் சர்க்கரை ரிப்போர்ட்டையும் கேட்டாங்க. சர்க்கரை ஏறினா ஈறு கெடும், ஈறு புண்ணா இருந்தா சர்க்கரையும் லேசுல இறங்காதாம். கிளீன் பண்ணி வந்ததும் கொஞ்ச நாள் பச்சைத்தண்ணி கூசுச்சு. இடுக்குல நாக்கை விட்டுப் பார்த்துட்டு, "பல்லைத் தேய்ச்சே எடுத்துட்டாங்க"ன்னு அம்மா இன்னமும் சொல்லிட்டிருக்காங்க, அது வேற விஷயம். ரத்தம் நின்னுருச்சு.

ஓமலூர்: எங்க பக்கம் கேள்வியே வேற அண்ணா. பையன் முன்பல்லுல பழுப்புக் கறை. சொந்தக்காரங்களே "பல்லு விளக்கறதில்லையா"ன்னு கேட்கறாங்க. எரிச்சலா வரும். கிளீன் பண்ணா போகுமான்னு கேட்டேன். மேல ஒட்டின அழுக்கு இல்லையாம். போர் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி. ஈறுக்குள்ள பல் உருவாகற வயசுல, சுமார் எட்டு வயசு வரைக்கும், அதைக் குடிச்சா எனாமல்லயே கறை விழும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரைக்கும். கொதிக்க வெச்சாலும் குறையாது, தண்ணி சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். சின்னவளுக்கு இப்ப காவிரிக் குழாய்த் தண்ணி மட்டும்தான். பையனுக்குப் பெரியவனானதும் பல் மேல பூச்சு வெச்சு மறைக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

ஏற்காடு: மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிரும்னு எங்க எஸ்டேட்ல இன்னும் நம்பறாங்க. கண் பார்வை நரம்பு வேற, பல் நரம்பு வேற. கூலியை விட்டுட்டு மலை இறங்கணுமேன்னு கன்னம் வீங்கற வரைக்கும் யாரும் போறதில்லை. ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க பல் புடுங்கறதுக்காகத் தானா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லுங்க. அப்புறம் கிராம்புத் தைலத்தை நேரா ஈறுல ஊத்தாதீங்க. எங்க தாத்தாவுக்கு வெந்தே போச்சு.