பாக்டீரியாவோட 16எஸ் மரபணு 98.1% தான் ஒத்துப்போகுது, புது இனமா? அவசரம்!

கொண்டைச்சேவல்: வணக்கம். எம்ஆர்எஸ் அகார்ல (லாக்டிக் அமில பாக்டீரியா வளர்க்குற ஊடகம்) வந்த கல்ச்சர். கிராம் பாசிட்டிவ், கேட்டலேஸ் நெகட்டிவ், கோல் வடிவம். ப்ளாஸ்ட்ல (டிஎன்ஏ வரிசையைத் தரவுத்தளத்தோட ஒப்பிடுற மென்பொருள்) 98.1%. 98.7க்குக் கீழே போனா புது இனம்னு படிச்சேன். வெள்ளிக்கிழமை கைடு கிட்ட சொல்லணும். சொல்லலாமா?

தயிர்சட்டி: எந்தப் பிராணி? எந்த உறுப்பு? எத்தனை பேஸ் (டிஎன்ஏ எழுத்து) படிச்சீங்க? எதோட ஒப்பிட்டு 98.1?

மறுகோடு: ரெண்டு பாக்டீரியா கலந்திருக்கும். மூணு தடவை மறுபடி ஸ்ட்ரீக் பண்ணி (தட்டுல கோடு இழுத்து) தனியா பிரிங்க.

தயிர்சட்டி: எல்லா இழையிலயும் இதையேதான் சொல்றீங்க :)

பெட்ரிகிழார்: 98.7 என்பது வாசல்படி மட்டுமே, தம்பி. கீழே போனால் புதிதாக இருக்க வாய்ப்பு. மேலே போனால் பழையது என்றும் அர்த்தமில்லை. என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பேரினத்தில் 99க்கு மேல் ஒத்துப்போயும் தனித்தனி இனங்கள் உண்டு. முழு மரபணுத்தொகுதி எடுத்து ஏஎன்ஐ (இரு மரபணுத்தொகுதிகளின் சராசரி ஒற்றுமை விழுக்காடு) பார்க்க வேண்டும். 95-96க்குக் கீழே வந்தால் பேசலாம். இதெல்லாம் முதுகலையிலேயே சொல்லித் தருவார்களே.

கொண்டைச்சேவல்: நாட்டுக்கோழி தீனிப்பை. 912 பேஸ், ஒரு பக்கம் மட்டும். முதல்ல வந்தது 'அன்கல்ச்சர்ட் பாக்டீரியம்' (ஆய்வகத்துல வளர்க்காத, பேரில்லாத பாக்டீரியா). அடுத்தது லாக்டோபேசில்லஸ் சாலிவேரியஸ், அதுலதான் 98.1.

பெட்ரிகிழார்: அது இப்போது லிஜிலாக்டோபேசில்லஸ். 2020இல் பழைய பேரினத்தை 25ஆகப் பிரித்தாயிற்று.

மோர்க்குழம்பு: தயிர் டப்பாவுல இன்னும் பழைய பேர்தான் இருக்கு. யாருக்குய்யா வாயில நுழையும் இது?

பெட்ரிகிழார்: வாயில் நுழைவது வகைப்பாட்டியலின் வேலை அல்ல.

மோர்க்குழம்பு: லாக்டோபேசில்லஸ் ரியூட்டரின்னு சொன்னா ஊருக்கே தெரியும். முன்னாடி லிமோசி ஒட்டி லிமோசிலாக்டோபேசில்லஸ் ஆக்குனதுல என்ன புதுசா கண்டுபிடிச்சோம்?

தயிர்சட்டி: நீங்க ரெண்டு பேரும் தனி இழை போடுங்க. சேவல், 912ல 98.1னா சுமார் 17 பேஸ் வித்தியாசம். அது எங்கே இருக்குன்னு பாருங்க. சாங்கர் முறையில டிஎன்ஏ படிக்கும்போது 800 பேஸ் தாண்டினா பீக் தேய்ஞ்சுடும், மெஷின் குத்துமதிப்பா எழுத்துப் போடும். குரோமடோகிராமை (பீக் வரைபடம்) திறந்து வாலை வெட்டுங்க. 27எஃப், 1492ஆர் ப்ரைமர் (படிப்பைத் தொடங்குற டிஎன்ஏ துண்டு) வெச்சு ரெண்டு பக்கமும் படிச்சு, டைப் ஸ்ட்ரெயின்களோட (ஒவ்வொரு இனத்துக்கும் அடையாளமா வெச்ச மாதிரி) மட்டும் ஒப்பிடுங்க.

மறுகோடு: கலப்புன்னாலும் பீக் ரெட்டையா தெரியும். சும்மா சொல்றேன்.

கொண்டைச்சேவல்: 17ல 14 கடைசி நூறுல இருக்கு. வெட்டிட்டுப் பார்த்தா 99.6. சாலிவேரியஸ்தான் போல. நன்றி தயிர்சட்டி. கைடு கிட்ட நேத்தே வாய் விட்டுட்டேன்...

மோர்க்குழம்பு: லிஜி சாலிவேரியஸ்னு சொல்லுங்க, இல்லேன்னா கிழார் வந்துடுவார்.