புதுப்பிப்பு: நகராட்சியில் 5 மாதம் நகராத வரைபட அனுமதி கிடைத்துவிட்டது

எங்கள் நகராட்சியில் நகரமைப்பு ஆய்வாளர் பணியிடம் காலியாக இருப்பதாலும், பொறுப்பு அலுவலர் வாரம் ஒருநாள் மட்டுமே வருவதாலும் வீட்டு வரைபடம் கிடப்பில் இருக்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

மனு, நினைவூட்டல், தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லாவற்றையும் முயன்றேன். 'பணியாளர் பற்றாக்குறை' என்று பதில் வந்தது. அது எனக்கே தெரியும். பலன் தந்தது சேலத்து நண்பர் சொன்ன சுயசான்று முறைதான்; அதாவது, விவரங்கள் சரி என்று விண்ணப்பதாரரே உறுதி தருவது. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கியது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் கொண்ட குடியிருப்பு என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே அனுமதி பெறலாம். முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது. என் மனை 1,800 சதுர அடி. பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, புதிதாகப் பதிவேற்றி, கட்டணம் செலுத்திய அன்றே அனுமதி வந்துவிட்டது.

ஆனால் புதிதாக விண்ணப்பிக்கும் முன் எதிர்பாராத சிக்கல் ஒன்று பட்டாவில் வந்தது. பெரிய மனையில் ஒரு பகுதியைத்தான் வாங்கியிருந்தேன். என் பகுதியை அளந்து தனியாகப் பிரிக்காமல் (உட்பிரிவு) என் பெயரில் தனிப்பட்டா கிடைக்காது. அதற்கு நில அளவையர் வர வேண்டும். அங்கேயும் ஆள் இல்லை! ஏழு வாரம் அதற்கே போயிற்று. எனவே முதலில் பட்டாவைப் பாருங்கள், பிறகு வரைபடம்.

இன்னொன்று: தவறான விவரம் தந்தால் அனுமதி செல்லாது, பொறுப்பு நம்முடையது. கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் இடையே விட வேண்டிய பக்க இடைவெளிகளை நானே இரண்டு முறை நாடா பிடித்து அளந்தேன்.