சீமைக்கருவேலானைப் பிடுங்க ஊர் கூடுகிறது. பிடுங்கின பிறகு யார் பார்ப்பது?

நொய்யல்கரை:
காங்கயம் பக்கம் எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு முழுக்கச் சீமைக்கருவேலான். வேரோடு எடுக்கப் போகிறோம். டீசல் செலவு ஒரு பனியன் கம்பெனி, மரக்கன்று ஒரு தொண்டு அமைப்பு, ஆள்பலம் ஊர் இளைஞர்கள். சுத்தம் செய்த இடத்தில் வேம்பும் புங்கனும் நடுவதாகத் திட்டம். ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் முறைக்கிறார்கள். என்ன சொல்கிறீங்க?

பட்டிக்காரன்:
நானும் முறைக்கிற ஜாதிதானுங்க, ஊர்தான் வேறு. சித்திரையில் புல் கருகின பிறகு என் ஆட்டுக்கு வேலாங்காய்தான் தீனி. அடுப்புக்கும் அதே விறகு. மிச்சம் திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லருக்கு லோடு போகிறது. கம்பெனியைக் கூப்பிட்டீங்க, அமைப்பைக் கூப்பிட்டீங்க. மேய்க்கிறவனைக் கூப்பிட்டீங்களா?

கொடுமுடியான்:
அந்தக் காய்தான் அண்ணா வினையே! ஆடும் மாடும் தின்று, போகிற இடமெல்லாம் புழுக்கையிலும் சாணியிலும் விதைத்துவிட்டு வருகின்றன. அந்த மரம் காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சும், அதில் கட்டின மாடு சினை பிடிக்காது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்னது. இன்னும் என்ன யோசனை?

வெள்வேலான்:
காய் விஷயம் சரி தம்பி. காற்று ஈரம், மாட்டுச் சினை எல்லாம் வாட்ஸ்அப் சரக்கு. அதைச் சொல்லப்போய்தான் நியாயமான காரணமும் எடுபடாமல் போகிறது. புதராக அடைத்துக்கொண்டால் அடியில் புல் வராது; மேய்ச்சல் நிலத்துக்கு அந்த ஒரு காரணம் போதும்.

நொய்யல்கரைக்கு: மேலாக வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். வேர்க்கழுத்தோடு தோண்டினால் அந்த மரம் போகும், மண்ணில் கிடக்கும் விதை போகாது. மழைக்கு மழை நாற்று முளைக்கும், வருஷக்கணக்கில். சும்மா கீறிப்போட்ட மண்ணில் பார்த்தீனியமும் வந்து உட்காரும். ஒருநாள் கூட்டத்துக்கு ஆள் வரும். மூன்றாவது ஐப்பசியில் நாற்றுப் பிடுங்க யார் வருவார்கள்?

இன்னொன்று, வேம்பு, புங்கன் எதற்குங்க? நம் பக்கத்து வேலியடைத்த மேய்ச்சல் காடான கொறங்காட்டைப் பாருங்கள். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் காய்க்கும் அங்கங்கே வெள்வேலான். காங்கயம் மாடு வளர்ந்ததே அதில்தான். மேய்ச்சல் நிலத்தில் தோப்பு வைத்தால் அதுவும் மேய்ச்சலைக் கெடுக்கிற வேலைதான். தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்த கொள்கையே அயல் தாவரத்தை அகற்றுவதோடு வாழிட மீட்பையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

கொடுமுடியான்:
நீலகிரிக் காட்டில் சென்னா என்கிற அயல் மரத்தை வெட்டிக் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்ளக் கரூர் டிஎன்பிஎல் அரசுக் காகித ஆலைக்கு அனுமதி கொடுத்தார்களே, அது மாதிரி யாருக்காவது கொடுத்தால் மொத்தமும் போய்விடும்.

பட்டிக்காரன்:
காசு கிடைக்கிற மட்டும் வெட்டுவான், துளிரை எவன் பார்ப்பான்? தினமும் அந்த நிலத்தில் நடக்கிறவன் நான்தான். நாற்று விரல் உயரத்தில் இருக்கும்போதே என் கண்ணில் படும், பிடுங்கிப் போடுகிறேன். ஆனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் மொட்டை அடிக்காதீங்க. வருஷத்துக்கு ஒரு பக்கமாக எடுங்க. எடுத்த பக்கம் புல் பிடிக்கும்வரை நாங்கள் ஆட்டை விடமாட்டோம். அதுவரைக்கும் கோடையில் சோளத்தட்டுக்குக் கம்பெனி பணம் தரட்டும்.

வெள்வேலான்:
அப்படியே காய் தின்ற ஆட்டைச் சுத்தம் செய்த பக்கத்தில் அடைக்கவும் கூடாது. புழுக்கையில் விதை வந்துவிடும்.

நொய்யல்கரை:
பட்டி வைத்திருப்பவர்களோடு இந்த ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். சிக்கல் கம்பெனி பக்கம்தான். ஆயிரம் மரம் நட்டோம் என்று பலகை வைக்க வேண்டுமாம். புல்லுக்கு எப்படிங்க எண்ணிக்கை காட்டுவது?

பட்டிக்காரன்:
ஆட்டைக் காட்டுங்க. கோடையில் எத்தனை உருப்படி எத்தனை நாள் மேய்ந்தது என்று நானே எழுதித் தருகிறேன்.

கொடுமுடியான்:
வருஷத்துக்கு ஒரு பக்கமாம்! நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் எடுத்த பக்கம் மறுபடியும் முள்ளாகிவிடும். பொக்லைன் இருக்கும்போதே முழுசாக முடிக்கச் சொல்கிறேன், என் கட்சி அதுதான்.