சோடியம் குறைந்தோ, தாகம் அடங்காமலோ அவதிப்பட்டவர்கள் உண்டா?

நடைவண்டி
அப்பாவுக்கு 74 வயது, பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். வெயில் என்று நான்தான் பாட்டிலை நிரப்பி நிரப்பி நாளுக்கு ஐந்து லிட்டர் குடிக்க வைத்தேன். நாலாம் நாள் காலை பாட்டிலை நீட்டினால், என் முகத்தைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்றார். பக்கவாதம் என்று நினைத்துத்தான் ஓடினோம். தண்ணீர் கூடி ரத்தத்தில் சோடியம் நீர்த்து 116, இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. அதை ஏற்றுவதும் மெதுவாகத்தான், வேகமாக ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாமாம். இப்போது நலம். அந்த "நீங்க" மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

ஓட்டக்காரன்
எனக்கு 42 கிலோமீட்டர் ஓட்டத்தில். வழியெல்லாம் குடித்து, விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை, முடிவுக்கோட்டில் வாந்தி. அவ்வளவுதான். ஒன்று சொல்கிறேன், சிறுநீரகம் மணிக்கு அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வெளியேற்றும், நீண்ட ஓட்டத்தில் சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரஸின் ஹார்மோன் சுரந்துகொண்டே இருப்பதால் அதுகூட முடியாது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். தாகம் எடுத்தால் மட்டும் குடியுங்கள். யாராக இருந்தாலும் நாளுக்கு இரண்டு லிட்டரோடு நிறுத்துங்கள்.

நிலாமுற்றம்
"யாராக இருந்தாலும்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். தங்கைக்கு மூளைக்கு அடியில் வாசோபிரஸினை விடும் பிட்யூட்டரி சுரப்பியில் அறுவை முடிந்த மறுநாள் எட்டு லிட்டர் சிறுநீர், நிறமே இல்லை, சுகர் நார்மல். "இவ்வளவு குடித்தால் இப்படித்தான் போகும்" என்று வார்டில் ஜக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது நெற்றியில் போட்ட ஈரத்துணியை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். சோடியம் 152. குடித்ததால் போகவில்லை, போனதால் குடித்தாள்! சிறுநீரகம் நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விடுகிறது. கடைசிக் குழாய்களில் தண்ணீரைத் திரும்ப இழுக்க வாசோபிரஸின் வந்து வாசலைத் திறக்க வேண்டும், அவளுக்கு அது சுரக்கவே இல்லை. அதற்குப் பதிலான மருந்து டெஸ்மோபிரஸின் கொடுத்த பிறகுதான் தூங்கினாள்.

நடைவண்டி
ஓட்டக்காரன், தாகத்தை மட்டும் நம்பச் சொல்வதும் எல்லோருக்கும் சரிவராது, வயதானால் தாகம் மங்கும், அந்தப் பயத்தில்தான் நானே கட்டாயப்படுத்தினேன். ஆனால் அப்பா "போதும்டா" என்று இரண்டு தடவை சொன்னார், நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் "என் கண்ணாடி எங்கடா?" என்றார். வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டேன்.

நிலாமுற்றம், தங்கைக்கு இன்னும் அந்த மருந்து தேவைப்படுகிறதா?