உதவி தேவை: என்ர ஆட்டத்தில மந்திரச் சாயம் கைமீறிப் போகுது (டி அன் டி, ஐந்தாம் பதிப்பு)

வெள்ளவத்தை டி.எம்.

வணக்கம். போயா நாட்களில எங்கட வீட்டு மொட்டைமாடியில ஐந்து பேரோட டி அன் டி (டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டிக் கதையா விளையாடுறது) நடத்துறன். நான்தான் டி.எம்., கதையை நடத்துறவன். கதை தொடங்கி ஏழு மாதம். இப்ப நான் வைச்ச ஒரு சாமானே முழுக்கதையையும் இழுத்துக்கொண்டு போகுது.

"நிழற்பட்டு" எண்டு ஒரு துணி. குகைச் சிலந்தியின்ர நூலில நெய்து, "அந்திச்சாயம்" எண்ட பொடியில தோய்ச்சது. மங்கல் வெளிச்சத்தில அதைப் போர்த்தினவர் கண்ணில படமாட்டார். இருபது யார் துணியும் இரண்டு குடம் பொடியும் மலைக்கோயிலுக்குக் கொண்டுபோய்க் குடுக்கவேண்டிய சரக்கு. என்ர திட்டம் அவ்வளவுதான்.

விளையாடுறவை துணிக்கட்டைப் பிரிச்சிட்டினம். ஒருத்தியின்ர பாத்திரத்துக்கு வீவர்ஸ் டூல்ஸ் தேர்ச்சி, அதாவது நெசவுத் திறமை, இருக்கு. ஐந்து போர்வை வெட்டியாச்சு. இனிக் கப்பல் பாய், கூடாரம், குதிரை விரிப்பு எல்லாத்தையும் அந்தப் பொடியில தோய்க்கப் போகினமாம். நான் ஏலாது எண்டன். ஏன் எண்டு கேட்டினம். மந்திரம் அப்படித்தான் எண்டு சொன்னன். அதோட மேசை அமைதியாகிட்டுது. நெசவுக்காரியா விளையாடுற பிள்ளைதான் ஆக அக்கறையா வாறவ. "சாயமெண்டா எதிலயும் பிடிக்கும்தானே அண்ணா?" எண்டு அவ கேட்டதுக்கு என்னட்டப் பதில் இல்லை.

விலையைக் கூட்டிப் பார்த்தன். விதிநூலில பருத்தி ஒரு சதுர யார் 5 வெள்ளிக்காசு, லினன் 5 பொற்காசு, பட்டு 10 பொற்காசு, அதாவது ஒரு பசுமாட்டின்ர விலை. ஆனா அவையள் வாங்கத் தேவையில்லையே, சரக்கு கையில இருக்கு. குடத்தைக் களவு போகச் செய்யலாம், எனக்கு அது அநியாயமாப் படுது. நடந்ததை நடக்கேல்லை எண்டு மாற்றவும் விருப்பமில்லை. அடுத்த போயாவுக்குள்ள கதைக்குள்ளேயே நிக்கிற ஒரு காரணம் வேணும்.

இருபதுபக்கப் பகடை (கொட்டாஞ்சேனை)

விதியிலேயே வழி இருக்கு. உங்க போர்வை கிட்டத்தட்ட விதிநூலில இருக்கிற க்ளோக் ஒஃப் எல்வன்கைண்ட் என்ற மறைவுப் போர்வை. அது அன்கொமன் (சாதாரணமில்லாத) ரகம், அட்யூன்மென்ட், அதாவது போடுறவர் அந்தச் சாமானோட மந்திரப் பிணைப்பு ஏற்படுத்துறது, தேவை. ஒருவர் மூன்று சாமானுக்கு மேல அட்யூன் பண்ண முடியாது. 2017ல வந்த துணை விதிநூல்படி அன்கொமன் சாமான் ஒன்று செய்ய 2 வாரம், 200 பொற்காசு, அதுக்கு மேல செய்முறையும் ஒரு அபூர்வப் பொருளும் வேணும். துணி வெறும் துணி, செய்து முடித்த பிறகுதான் மந்திரம் என்று சொல்லிடுங்க. கப்பல் பாய்க்கு யாரும் அட்யூன் ஆக முடியாதே.

வெள்ளவத்தை டி.எம்.

நல்ல யோசனை, ஆனா பிந்திட்டுது. துணியை வெட்ட முதலே அந்தக் கட்டை அப்படியே தலைக்கு மேல விரிச்சுப் பிடிச்சுக் காவலாளிகளைக் கடந்து போனவை. நான்தான் விட்டனான். துணியிலேயே மந்திரம் இருக்கெண்டு மேசையில முடிவாகிட்டுது.

தறிக்காரி

தம்பி, நான் இந்த விளையாட்டு இரண்டு வருஷமாத்தான் விளையாடுறன். ஆனா சாயம் தோய்க்கிறது எனக்குப் பழக்கம். கபோஸ் ஒழுங்கையில கடுக்காயும் படிகாரமும் வாங்கிவந்து வீட்டிலயே துணி தோய்ப்பன். உங்கட பிள்ளை கேட்டது சரியான கேள்வி. பதில்: இல்லை, சாயம் எதிலயும் பிடிக்காது. இதை மந்திரத்துக்காகச் சொல்லேல்லை, உண்மைத் துணியிலயே அப்படித்தான்.

ஆரத்தித் தட்டை நினைச்சுப் பாருங்கோ. மஞ்சள் தண்ணியில கொஞ்சம் சுண்ணாம்பு விழுந்தாச் சிவப்பாகுது. பொடி ஒண்டு, நிறம் இரண்டு. சிவப்புச் சாயம் எடுக்கிற சாயவேரும் அப்படித்தான். வேரை அவிச்ச தண்ணியில வெறும் பருத்தியைப் போட்டால் ஏதோ ஊத்தை நிறம் வரும், கழுவப் போயிடும். முதல்ல கடுக்காய்ச் சாறு, பிறகு படிகாரம் (கடையில சீனக்காரம் எண்டும் கேக்கலாம்), அதுக்குப் பிறகுதான் வேர். அப்பத்தான் அந்தச் சிவப்பு துணியோட ஒட்டி நிக்கும். பட்டு வேற. அது பூச்சியில இருந்து வாற நூல், கன சாயங்களைத் தானே வாங்கிக்கொள்ளும். உங்கட சிலந்தி நூலும் அந்த இனம். கப்பல் பாய் செடி நார், கித்தான். பட்டுக்குச் செய்த பக்குவம் கித்தானுக்குச் சரிவராது. அந்த நெசவுக்காரி ஒரு துண்டுக் கித்தானை நனைச்சுப் பார்த்தா அவளுக்கே விளங்கும். அதை நீங்கள் சொல்லாதேங்கோ, அவளே கண்டுபிடிக்கட்டும்.

இனி நீலம். உங்கட அந்திச்சாயத்துக்கு நான் இதைத்தான் எடுப்பன். அவுரிச் செடியில எடுக்கிற நீலம் தண்ணியில கரையாது. தொட்டியில சுண்ணாம்பு மாதிரிக் காரத்தோட புளிக்க வைச்சு அதின்ர நிறத்தையே இழக்கப் பண்ணவேணும். அப்பத்தான் கரைஞ்சு நூலுக்குள்ள போகும். தொட்டிக்குள்ள இருந்து துணியை எடுத்தால் மஞ்சள் பச்சையா இருக்கும். காற்றுப் பட்டவுடன கண்ணுக்கு முன்னாலேயே நீலமா மாறும். நான் முதல் தரம் பார்த்தபோது கையை எடுக்க மறந்து நிண்டனான். உங்கட ஆட்களிட்ட இருக்கிறது பொடி மட்டும்தான், தொட்டி இல்லை. தொட்டியைப் பக்குவமா வைச்சிருக்கத் தெரிஞ்ச ஆள் அந்த மலைக்கோயில்ல இருக்கட்டும்.

இன்னொண்டு, இதுதான் உங்களுக்கு ஆகத் தேவை. மத்தியதரைக் கடல் நத்தையில எடுத்த தீரியன் ஊதாவும் அவுரிக்குச் சொந்தக்காரச் சாயம், புறோமின் எண்ட மூலகம் சேர்ந்தது. தொட்டியில கரைஞ்சு நிக்கேக்க வெயில் பட்டால் புறோமின் கழண்டுபோகும். ஊதா வரவேண்டிய இடத்தில நீலம் வரும். அந்திச்சாயத்தையும் அப்படியே வையுங்கோ: இருட்டில கரைச்சு, இருட்டில தோய்ச்சு, இருட்டில காற்றுப் பிடிக்க விட்டால் நிழல். வெளிச்சம் பட்டால் வெறும் நீலத்துணி, மந்திரம் இல்லை. ஒருக்கா நூலுக்குள்ள நிண்டிட்டால் பிறகு பகல்ல போர்த்தலாம், பாதகமில்லை. இது தண்டனை இல்லை, ஒரு வேலையின்ர முறை. ஆக்கள் முறையை மதிப்பினம்.

கடல்வழிக் கணக்கன்

அக்கா சொன்னதோட அளவையும் சேருங்கோ. 1909இல் ஒரு ஜெர்மன் இரசாயன ஆய்வாளர் 12,000 நத்தையில எடுத்த தீரியன் ஊதா 1.4 கிராம். கி.பி. 301இல் உரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் போட்ட விலைக் கட்டளையில ஊதாப் பட்டு ஒரு இறாத்தல் 150,000 தெனாரி (உரோமக் காசு). சாயத்தின்ர அளவைத் துணியின்ர எடையோடதான் கணக்குப் பார்க்கிறது. கப்பல் பாய் எத்தனை இறாத்தல் எண்டு உங்கட ஆட்களையே கேளுங்கோ. இரண்டு குடமும் ஒரு மூலைக்குக் காணாது.

நூலுக்கும் கணக்கு இருக்கு. 2009இல் நியூயோர்க் அருங்காட்சியகத்தில காட்டின பொன்னிறத் துணிக்கு மடகாஸ்கரில பத்து இலட்சத்துக்கு மேல சிலந்திகளைப் பிடிச்சு நூல் இழுத்தவை, நாலு வருஷ வேலை. சாயமே போடேல்லை, அந்தப் பொன் சிலந்தியின்ர சொந்த நிறம். இருபது யார் எண்டால் உங்கட கோயில் எத்தனை தலைமுறை சேர்த்திருக்கும்! அதை வெட்டினது தெரிஞ்சால் யார் தேடி வருவினம் எண்டு யோசியுங்கோ. ஒல்லாந்தர் காலத்தில யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துச் சாயவேரையே கும்பனி தன்ர பிடியில வைச்சிருந்தது. வேருக்கே அந்தப் பாடு.

இருபதுபக்கப் பகடை

ஒரு பயம் மட்டும். இவ்வளவு கட்டுப்பாட்டையும் ஒரே நாளில கொட்டினா, "டி.எம். எங்களை மறிக்கத்தான் படிச்சிட்டு வந்திருக்கார்" என்று நினைப்பாங்க. ஏதாவது ஒன்றில அவங்க ஜெயிக்கணும். பாய் வேணாம், கூடாரம் கிடைக்கட்டும்.

தறிக்காரி

அது சரி. நான் அதை யோசிக்கேல்லை. கூடாரத்தைக் குடுங்கோ.

வெட்டின போர்வைகளுக்கும் ஒரு வழி. சேலையில உடல், கரை, முந்தானை மூண்டும் ஒரே மாதிரி இல்லையே. காஞ்சிபுரத்தில கோர்வைச் சேலைக்குக் கரைக்கு வேற நாடா (குறுக்கு நூல் ஓட்டுற கருவி), உடலுக்கு வேற நாடா ஓட்டிச் சேர்த்து நெய்வினம். நிழற்பட்டும் அப்படி நெய்ததெண்டால், ஐந்து பேரிட்டயும் இருக்கிறது ஐந்து வேறு துண்டு. உடல் கிடைச்சவருக்கு மறைவு. கரை கிடைச்சவருக்குக் காலடிச் சத்தம் வராது, ஆனா ஆள் தெரியும். முந்தானை கிடைச்சவ இன்னொராளையும் சேர்த்து மூடலாம். யார் எந்தப் பக்கத்தை வெட்டினவை எண்டு கேட்டு அதின்படி குடுங்கோ. ஐந்து துண்டும் ஒண்டாச் சேர்ந்தால்தான் முழு மறைவு. அப்ப அவையள் ஒருத்தரை விட்டு ஒருத்தர் போகமாட்டினம்.

மாலைத்தறி

இடையில கேக்கிறதுக்கு மன்னியுங்கோ, எங்கட மேசையில நெருப்புப் பிடிக்காத துணி வேணும் எண்டு நிக்கினம். அதுக்கும் இப்படி உண்மையான ஏதாவது இருக்கா?

கடல்வழிக் கணக்கன்

அஸ்பெஸ்டஸ். பழைய காலத்தில நெருப்புப் பல்லியின்ர மயிர் எண்டு நம்பினவை. மார்க்கோ போலோ அது மலையில தோண்டி எடுக்கிற கனிமம் எண்டு எழுதினார். ஊத்தையானால் தோய்க்கிறதில்லை, நெருப்பில போட்டு எடுத்தால் வெள்ளையாகும். தூசு நுரையீரலைக் கெடுக்கும், ஆகவே உங்கட கதையில அதை நெய்யிற ஊருக்கு இருமல் இருக்கட்டும். மிச்சத்துக்குப் புதுப் பதிவு தொடங்குங்கோ, இதில வெள்ளவத்தைக்காரருக்கு நாள் குறைவு.

வெள்ளவத்தை டி.எம்.

நேற்றுப் போயா. நடந்ததைச் சொல்லுறன்.

கித்தான் துண்டை நனைச்சுப் பார்த்தது நெசவுக்காரிதான், நான் வாயே திறக்கேல்லை. சாயம் வழிஞ்சு போனவுடன அவவே "அப்ப முதல்ல வேற ஏதோ போடோணும்" எண்டா. மலைக்கோயிலுக்கு இரவோட இரவாப் போய், வெட்டின துணியை முன்னால வைச்சு மன்னிப்புக் கேட்டினம். தொட்டிக்காரக் கிழவி உடன சரியெண்டு சொல்லேல்லை. மூண்டு நாள் விறகு வெட்டச் சொன்னா. நான் எழுதி வைக்காத காட்சி அது, மேசையில ஒருத்தரும் ஃபோனைத் தொடேல்லை.

கூடாரத்தை அமாவாசை இரவில தோய்ச்சவை. பிடிச்சிருக்கா எண்டு பார்க்க ஒருவர் விளக்கைக் கொழுத்திட்டார். அந்த மூலை மட்டும் நீலமாப் போச்சு. எனக்கு நெஞ்சு இடிச்சுது, சண்டை வரப்போகுது எண்டு. வரேல்லை. அந்த நீல மூலையைத்தான் வாசலா வைச்சிருக்கினம், இருட்டில தங்கட கூடாரம் எங்க எண்டு தங்களுக்குத் தெரியவேணுமாம். பாயைப் பற்றி ஒருத்தரும் பிறகு கதைக்கேல்லை. போர்வைத் துண்டுகளையும் அக்கா சொன்னபடி பிரிச்சுக் குடுத்தன். முந்தானை கிடைச்சது நெசவுக்காரிக்கு.

இப்ப அவ கேக்கிறது: போர்வையில இரத்தக்கறை, எப்படித் தோய்க்கிறது?

தறிக்காரி

பட்டெண்டால் சவர்க்காரத்தில ஊறப்போடாதேங்கோ, கடுங்காரம் நூலைத் தின்னும். சுடுதண்ணியும் வேண்டாம், கறை இறுகிடும். பச்சைத் தண்ணியில அலசி, பூந்திக்கொட்டை ஊறவைச்ச தண்ணியில மெல்லக் கசக்கி, முறுக்காமல் பிழிஞ்சு நிழல்ல விரிக்கச் சொல்லுங்கோ. கதைக்குள்ள பூந்திக்கொட்டை எங்க கிடைக்கும் எண்டு கேப்பா. அந்தக் கிழவியிட்ட இருக்கும்.