கேம்போய் அட்வான்ஸ் திரையை மாற்றலாமா?

உப்புவெளியான்:
அண்ணைமாரே, மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேம்போய் அட்வான்ஸ் (நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவி) ஒன்று இப்போது என்னிடம். வேலை செய்கிறது, ஆனால் திரைக்குப் பின்வெளிச்சம் இல்லாததால் இரவில் ஒன்றுமே தெரியாது, பற்றரி போடும் இடத்திலும் பச்சையாகப் பூத்திருக்கிறது. பின்வெளிச்சமுள்ள ஐபிஎஸ் வகைத் திரை போட ஆசை. சோல்டர் (ஈயம் உருக்கி வயர் ஒட்டுவது) தெரியாதவன் செய்யலாமா?

கடற்கரைக்காரன்:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. 2001இல் வந்த அந்த மொடலுக்குப் பின்வெளிச்சமே கிடையாது. திரையைத் தட்டையான ரிபன் கேபிளில் செருகினால் போதும். பட்டனை அமுக்கி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால்தான் மெல்லிய வயர்கள் சோல்டர் பண்ணவேண்டி வரும். போர்டில் அந்தக் கேபிள் செருகும் இடம் 32 பின், 40 பின் என்று இரண்டு வகை உண்டு, கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூன்று இதழ் ஸ்க்ரூக்குரிய டிரைவரும் கட்டாயம் வேண்டும், சாதாரணத்தால் திருகினால் தலை தேய்ந்துவிடும்.

பழையவிளையாட்டு:
முதலில் அந்தப் பச்சையைக் கவனியுங்கள். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் தேய்க்க அது நுரைத்துக் கழரும், அப்புறம் ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பே நிற்காது, பாவிக்காத நாளில் பற்றரியைக் கழற்றியே வையுங்கள். இன்னொன்று, பழைய கூடு (வெளியுறை) அழகாக இருந்தால் பெரிய ஐபிஎஸ் திரைக்காக அதை வெட்டாதீர்கள், அதற்கென்றே வெட்டிய புதுக் கூடு கிடைக்கிறது.

உப்புவெளியான்:
நன்றி அண்ணை. பற்றரி கெதியாக இறங்குமா?

கடற்கரைக்காரன்:
இறங்கும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, சார்ஜ் ஏற்றக்கூடிய ஏஏ பற்றரி இரண்டு போடுங்கள்.